அக்காவின் பெயரோடு 87 கிலோமீட்டர்

பதிவுப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: ‘யாருக்காக நடக்கிறீர்கள்?’ அக்காவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு சிறிய கட்டங்கள். ஒன்றில் ‘மீண்டவர்’, இன்னொன்றில் ‘நினைவாக’. என் கை அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோயை இரண்டாம் நிலையில் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்தவள் அக்கா. அந்த நோய் இப்போது இடுப்பெலும்பில் திரும்பி வந்திருந்தது. அவள் மீண்டவளும் இல்லை, நினைவாகிப் போனவளும் இல்லை. தொலைபேசியில் அழைத்து அவளிடமே கேட்டேன்.

“இரண்டையும் விட்டுவிடு. பெயர் மட்டும் போதும்” என்றாள்.

அப்படியே அனுப்பினேன்.

மூன்று நாளில் 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்ட மூன்று நாள் நடக்கும் வழக்கம் 1998-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பகலெல்லாம் நடை, இரவில் கூடாரம், விடிந்ததும் மறுபடி நடை. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட தொகையைத் திரட்டிக் கொடுத்தால்தான் நடக்கவே விடுவார்கள். ஆகவே இந்த நடை புறப்படும் நாளில் தொடங்குவதில்லை. பல மாதம் முன்பே கால்களைப் பழக்க வேண்டும், தெரிந்தவர்களிடம் பணம் கேட்க வேண்டும். கால்களைப் பழக்குவது எனக்கு எளிதாக இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு தெரிந்த எல்லோருக்கும் ஒரே செய்தியை மொத்தமாக அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தேன். இரண்டே பேர் பணம் அனுப்பினார்கள். அந்த வாரம் அக்காவுக்கு மருந்து ஏற்றும் நாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு இரத்தக்குழாய் வழியாக ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து ஏறும். அவளுடையது ‘ஹெர்2’ என்ற புரதம் மிகுதியாக இருக்கும் வகை. அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மருந்து இது. அவள் கண்ணயர்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த மருந்து வந்த கதையைப் படித்தேன்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமன் பல வருடம் இந்த ஹெர்2-வின் பின்னாலேயே அலைந்தார். பணத்தட்டுப்பாடு வந்தபோது கைகொடுத்தவர் லில்லி டார்டிகாஃப் என்ற பெண்மணி. அவருடைய கணவரின் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்தவர் ஸ்லேமன். அந்த நன்றியில் லில்லி ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்திடம் போய் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். கிடைத்தது. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி வந்தது. சொட்டுச் சொட்டாக அக்காவின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே இதைப் படித்தேன். யாரோ ஒருத்தி கூச்சத்தை விட்டுக் கேட்டிருக்கிறாள். எனக்கு மட்டும் என்ன கூச்சம் வேண்டிக்கிடக்கிறது?

அன்று இரவே தனித்தனியாக எழுத உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரோடு எனக்குள்ள பழக்கத்தைத் தொட்டு இரண்டு வரி, அக்காவைப் பற்றி மூன்று வரி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், அந்தப் பணம் எங்கே போகிறது. தொகையைச் சொல்லாமல் ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்று எழுதினால் நல்ல மனம் உள்ளவர்களும் எவ்வளவு கொடுப்பது என்று யோசித்து யோசித்தே மறந்துபோகிறார்கள். என் பங்கை முதலில் போட்டேன். வெறும் சுழியாக நிற்கும் கணக்கில் முதல் ஆளாகப் போட யாருக்கும் தயக்கம் இருக்கும். பணம் வந்த அன்றே நன்றி சொன்னேன். பதில் வராதவர்களுக்கு மூன்று வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டினேன். பாதிப் பேர் அந்த நினைவூட்டலுக்குப் பிறகுதான் கொடுத்தார்கள், அதுவும் தாமதத்துக்கு வருத்தம் சொல்லிக்கொண்டு.

நீங்கள் பதிவு செய்வதற்கு முன் அமைப்பின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேட்டு வாங்குங்கள். திரட்டியதில் எவ்வளவு நடையை நடத்தவே செலவாகிறது, எவ்வளவு ஆராய்ச்சிக்கு, எவ்வளவு நோயாளிகளின் செலவுக்கு என்று அதில் இருக்க வேண்டும். நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: ஆராய்ச்சிப் பணத்தில் பரவிய நோய்க்கு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள். இந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், நோய் மார்பகத்தைத் தாண்டி எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை என்று பரவுவதுதான். அக்காவின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேட்கத் தொடங்கிய பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பணத்தோடு பெயர்களும் வந்தன. ‘என் அம்மா’, ‘என் முதல் ஆசிரியை’, ‘என் மாமா, ஆம், ஆண்தான்’. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றுக்குள்தான் ஆண்களுக்கு வருகிறது. அதனாலேயே அவர்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி பணம் அனுப்பிய கையோடு என்னைத் தனியே அழைத்து, இரண்டு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது, வலிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன் என்றாள். அக்காவும் வலிக்கவில்லை என்றுதான் மூன்று மாதம் தள்ளிப்போட்டாள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே தோழியோடு நானும் மருத்துவரிடம் போனேன். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தார்கள். வெறும் நீர்க்கட்டி. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை; ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டிதான் என்றும் இல்லை. தோல் குழிவது, சிவப்பது, காம்பு உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, இவையும் உடனே காட்ட வேண்டியவை.

இனி கால்களைப் பற்றி.

24 வாரம் பயிற்சி எடுத்தேன். வார நாட்களில் மூன்று குறுநடை, விடுமுறை நாளில் ஒரு நெடுநடை. ஐந்தாவது வாரம் உற்சாகத்தில் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்தில் வலி பிடித்து ஒன்பது நாள் முடங்கினேன். அதற்குப் பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவே இல்லை. இன்னொரு தவறு பெரியது. நான்காம் மாதம்வரை ஒரு நாள் நெடுநடை, மறுநாள் ஓய்வு என்றே பழகினேன். 25 கிலோமீட்டர் நடக்கக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. 25 நடந்து, தூங்கி எழுந்து, மறுபடி நடக்கத் தெரியவில்லை. சனிக்கிழமை 28, ஞாயிற்றுக்கிழமை 22 என்று அடுத்தடுத்து நடந்து பார்த்த அன்றுதான் அது புரிந்தது. ஞாயிறு காலையின் முதல் மூன்று கிலோமீட்டர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தயார்நிலையை அதைவிட நேர்மையாக வேறெதுவும் சொல்லாது. இப்படி இரட்டை நாட்களைக் குறைந்தது ஐந்தாறு முறையாவது செய்யுங்கள். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரங்களில் மனம் கிடந்து பதறும், இன்னும் கொஞ்சம் நடக்கலாமே என்று. நடக்காதீர்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடமாடிய பாதம் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருக்கும். வழக்கமான அளவைவிட அரை அளவு கூடுதலாக இருக்கட்டும். இறக்கத்தில் இறங்கும்போது பாதம் முன்னே சரிந்து நகம் ஷூவில் இடித்துத்தான் நகங்கள் கறுத்து விழுகின்றன. கணுக்காலோரம் இருக்கும் கடைசித் துளையில் கயிற்றை வளையம்போல் விட்டு, எதிர்க் கயிற்றை அதற்குள் நுழைத்து இறுக்கிக் கட்டினால் குதிகால் நகராது, விரல்களும் முன்னே சரியாது. நகங்களை நடைக்கு ஒரு வாரம் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். பழகிய ஷூ இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள்விட்டு நாள் மாற்றுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம்தான். மதியம் ஒருமுறை காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, காற்றாட விட்டு, புதிய காலுறை போடுங்கள். அந்தப் பத்து நிமிடம் மாலையில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் முதல் நாள் காலையில், நடப்பவர்களுக்குக் கொடுத்த பையில் இருந்த இளஞ்சிவப்புக் காலுறையை ஆசையாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். குதிகால் பக்கம் அதற்கு ஒரு தடித்த தையல். பதினெட்டாவது கிலோமீட்டரில் அந்த இடம் சுட்டது. சூடு தெரிந்த அந்த நொடியில் நின்று, ஷூவைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த ஓய்விடம் மூன்று கிலோமீட்டர்தானே என்று நடந்தேன். ஓய்விடத்தில் கழற்றியபோது ஒரு பெரிய நாணயம் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. மருத்துவக் குழுவினர் சுத்தம் செய்து, ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டுக் கட்டினார்கள். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் புண்ணுக்குப் பாதுகாப்பு. நாமாக வீட்டு ஊசியை எடுத்துக் குத்தும் வேலையே வேண்டாம்.

அந்த ஓய்விடத்தில்தான் என் நடைத்துணை கிடைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், எட்டு வருடம் முன்பு சிகிச்சை முடித்தவர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றி, பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். “வலித்தால் பார்க்க வேண்டியதே இல்லையே” என்றார். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து அவருடைய பாத நரம்புகளைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. விரல்கள் மரத்தவை மரத்தவைதான். கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஓய்விடத்திலும் கண்ணால் பார்த்தாக வேண்டும். கீமோ எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் பாதத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

அவரிடம் இன்னும் நிறைய கற்றேன். அவருக்கு இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தார்கள். கையைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் நடந்தால் எல்லோருக்குமே நீர் தேங்கி விரல்கள் தடிக்கும்; கணுக்களை எடுத்த கையில் அந்த நீர் திரும்பிப் போக வழி குறைவு. அதனால் அந்தக் கையில் இறுக்கமான அழுத்த உறை அணிந்திருந்தார். அரை மணிக்கு ஒருமுறை கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை மூடித் திறப்பார். தோள்பை மாட்டுவதே இல்லை, எல்லாம் இடுப்புப்பையில். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். சிகிச்சையில் இருப்பவர்களும் முடித்தவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சில கீமோ மருந்துகள் இதயத்தையும் பாதிக்கும். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் முறிவு அபாயம் உண்டு. அக்காவை அவளுடைய மருத்துவர் தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார், இந்த நடைக்கு மட்டும் கூடாது என்றார். அளவான நடை சிகிச்சைக் களைப்பைக் குறைக்கும் என்பதை அவளிடமே பார்த்தேன்.

குடிநீர் பற்றி ஒரு சொல். தாகத்துக்குக் குடிப்பது சரி, பயத்துக்குக் குடிப்பது சரியில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். மயக்கம் போட்டு விழுவதும் உண்டு. உப்புச் சேர்ந்த தின்பண்டமோ உப்புக்கரைசலோ கூடவே போகட்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், நிறமே இல்லாமல் ஆக வேண்டியதில்லை.

கூடாரத்தில் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்து வராதீர்கள். காதடைப்பானும் சிறு டார்ச்சும் அவசியம். மறுநாள் உடையைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். விடியற்காலைப் பனியில் கூடாரத்துக்குள் இருப்பதெல்லாம் நமுத்துவிடும். படுக்கும் முன் கால்களைப் பையின் மேல் உயர்த்திக் கால் மணி நேரம் கிடந்தால் வீக்கம் வடியும். முதல் இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாலரை மணிக்கு வெளியே வந்தபோது இருட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடாரங்களுக்கு இடையில் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையால் காலையில் மூட்டுகள் இறுகிக்கொள்ளும். ஆறு மணிக்குப் புறப்படுகிறவர்களோடு சேர்ந்து புறப்பட, ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து மூட்டுகளை இளக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. நானும் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் என்னால் முடியவில்லை. குதிகாலைத் தரையில் வைக்காமல் காலை ஒருக்களித்தே நடந்து, வலி முழங்காலுக்கு ஏறிவிட்டது. பின்னால் வரும் வண்டியிலிருந்து இறங்கிய மருத்துவத் தன்னார்வலர் என் நடையைப் பார்த்ததுமே ஏறுங்கள் என்றார். இப்படி நடந்தால் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறும், முழங்கால் ஆறு மாதமாகும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. 96 கிலோமீட்டர் என்று சொல்லித்தானே எல்லோரிடமும் வாங்கினேன்? அக்கா இதைவிட எவ்வளவு தாங்கியிருக்கிறாள்?

நடைத்துணை என் கையைப் பிடித்து, “ஏறிக்கொள்வதற்குத்தான் அம்மா வண்டி வருகிறது. என் கீமோவின்போது நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நடந்தா போனேன்?” என்றார். ஏறினேன். ஒன்பது கிலோமீட்டர். பணம் கொடுத்த எல்லோருக்கும் பிற்பாடு 87 என்றுதான் எழுதினேன். ஒருவரும் மீதியைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் முடிவிடத்தில் ஒலிபெருக்கியில் வெற்றி வெற்றி என்று முழங்கினார்கள். நோயை வென்றவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். என் நடைத்துணை போனார். அவருக்காகக் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை எரிந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் போகாமல் நின்றார். தலையில் துணி கட்டியிருந்தார். பரவிய நோயோடு, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு, ஒவ்வொரு நாளும் சில கிலோமீட்டர் நடந்தவர். அவருக்கு அங்கே வரிசை இல்லை, அக்காவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததுபோல. இதை நடத்துகிறவர்களுக்கு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். வென்றவர், தோற்றவர் என்று பிரித்தால், மாத்திரையும் ஊசியுமாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் எங்கே நிற்பார்கள்? நோய் திரும்பியது அக்காவின் முயற்சிக் குறைவால் இல்லை. அந்தப் பெண்ணோடு பின்வரிசையிலேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். காலைக் காட்டச் சொன்னாள். தன் மடியில் ஒரு துண்டை விரித்து, என் பாதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்து இழுக்கப் போனதும் என் கையைத் தட்டிவிட்டாள். விரலில் எண்ணெய் தொட்டு ஓரத்தில் தடவி, கொஞ்சம் பொறுத்து, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் பிளாஸ்திரியைத் தோலோடு ஒட்டினாற்போல் மடித்து மடித்து எடுத்தாள். வலிக்கவே இல்லை. ஐந்து வருடத்தில் எத்தனை எடுத்திருப்பாள்.

“வண்டியில் போனாயே, அந்த ஒன்பது கிலோமீட்டரில் என்ன பார்த்தாய்?” என்று கேட்டாள்.

முதுகுகளைப் பார்த்தேன் என்றேன். நடக்கிற எல்லோரும் யாருக்காக நடக்கிறார்களோ அவர்கள் பெயரைத் துணியில் எழுதி முதுகில் குத்தியிருந்தார்கள். கூடவே நடக்கும்போது அவை கண்ணில் படவில்லை. வண்டி மெதுவாகப் பின்னாலேயே ஊர்ந்து போனதால் எல்லாவற்றையும் வாசிக்க முடிந்தது.

“சொல்” என்றாள், அடுத்த பிளாஸ்திரியில் எண்ணெய் தடவிக்கொண்டே.

நினைவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.